கீழே பச்சைத் தண்ணீர், மேலே வெந்நீர்

மதுரையை ஒட்டிய பரவையில் குளிர் என்றால் கொடைக்கானல்காரர் சிரிப்பார். மார்கழி விடியலில்கூட மதுரைச் சமவெளியில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். வைகைக் கரையோரம் கொஞ்சம் பனி இறங்கும். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனால் தீர்ந்தது. வீட்டுக்குள் தீ மூட்டி அறையைச் சூடாக்கும் வழக்கம் இந்தப் பக்கம் கிடையாது. அதைப் பார்க்க மலையேற வேண்டும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலின் பழைய பங்களாக்களில் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் உண்டு. பரவையிலோ சமயநல்லூரிலோ அப்படி ஒன்றை வைத்தால் வீட்டில் ஆள் தங்காது.

ஆனால் வெந்நீர் வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு, கைக்குழந்தைக்கு, முழங்கால் பிடித்துக்கொண்ட பெரியவருக்கு, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவருக்கு, தீபாவளியன்று எல்லாருக்கும். வசதியான வீடுகளின் பின்கட்டுக்குச் செம்புப் பாய்லர் வந்தது இதற்காகத்தான். மற்ற வீடுகளில் மூன்று கல் அடுப்பில் கரிப்பிடித்த அண்டா. அண்டாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாய்லரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

அது பிறந்தது கன்னார் பட்டறையில். செம்புத் தகட்டை உருளையாக வளைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பற்றவைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். நடுவில் மேலும் கீழும் திறந்த ஒரு குழாய். அதுதான் தீயின் வீடு. குழாயின் அடியில் இரும்புச் சல்லடை, அதன் கீழே சாம்பல் விழ இடம், நிற்க மூன்று கால். குழாயைச் சுற்றித் தண்ணீர். செம்பு வெப்பத்தை இரும்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கும், எவர்சில்வரைவிட இருபத்தைந்து மடங்கும் நன்றாகக் கடத்தும். அதனால்தான் செம்பு என்று சொல்வார்கள். எனக்கு அது முழுக் காரணமாகத் தெரியவில்லை. தகடு அவ்வளவு மெல்லியதாக இருக்கும்போது எந்த உலோகமானாலும் பெரிய வித்தியாசம் வராது. சூடு தயங்குவது தீக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கிற காற்றில்தான். செம்பை எடுத்ததற்கு நிஜக் காரணங்கள் வேறு: துருப்பிடிக்காது, சுத்தியலுக்கு வளையும், ஓட்டை விழுந்தால் அடைக்கலாம், பழசானாலும் நல்ல விலை போகும். சமையல் பாத்திரமென்றால் களிம்புக்குப் பயந்து உள்ளே ஈயம் பூச வேண்டும். குளிக்கிற தண்ணீருக்கு அந்தச் செலவும் இல்லை.

தகடு வந்த வழி நீளமானது. இந்தியாவில் செம்புத் தாது கிடைக்கும் இடங்கள் குறைவு: ஜார்க்கண்டின் சிங்பூம், ராஜஸ்தானின் கேத்ரி, மத்தியப் பிரதேசத்தின் மலஞ்சுகண்ட். இவற்றை நடத்தத்தான் 1967இல் ஹிந்துஸ்தான் காப்பர் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. அது நாட்டின் தேவைக்குப் போதவில்லை. 1990களின் இறுதியில் தூத்துக்குடியில் வெளிநாட்டுத் தாதுவை உருக்கும் ஸ்டெர்லைட் ஆலை வந்தது. 2018 மே மாதம் அதை எதிர்த்துப் போராடியவர்கள்மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். ஆலை மூடப்பட்டது. அதன்பின் செம்பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு வெளியிலிருந்து வாங்கும் நாடாயிற்று. பின்கட்டில் பளபளத்த பாத்திரத்துக்குப் பின்னால் இத்தனை ஊர்க் கதை உண்டு.

மதுரைக்காரர்கள் பாத்திரம் வாங்கப் புதுமண்டபத்துப் பக்கம் போவது வழக்கமாக இருந்தது. அங்கே தட்டிப் பார்த்து, எடை போட்டு, பேரம் பேசி வாங்கிய பாய்லரை வண்டியில் ஏற்றி ஊர் கொண்டுவந்தால், குளியலறைக்கு வெளியே தாழ்வாரத்து மூலையில் அதற்கு நிரந்தர இடம்.

இதன் உடம்பில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தண்ணீர் ஊற்ற மேலே ஒரு புனல். அந்தப் புனலின் குழாய் பாய்லருக்குள்ளேயே அடி வரை இறங்கும். வெந்நீர் வெளியே வரும் மூக்கோ உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். திருகுகுழாய் வைத்த ரகங்கள் பின்னால் வந்தவை. பழைய ரகத்தில் திருக ஒன்றுமில்லை. ஒரு செம்பு பச்சைத் தண்ணீரைப் புனலில் ஊற்றினால், ஒரு செம்பு வெந்நீர் மூக்கு வழியாக வாளியில் விழும். ஊற்றாவிட்டால் ஒரு சொட்டும் வராது.

இது சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு மட்டுமல்ல. சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே நிற்கும், குளிர்ந்தது அடியில் படுக்கும். கலக்காமல் விட்டால் இரண்டும் அடுக்கடுக்காக அப்படியே இருக்கும். புதுத் தண்ணீர் அடியில் போவதால் மேலே இருக்கும் சூடு உடனே கெடாது. அதோடு, எடுத்த அளவு ஊற்றியே ஆக வேண்டியிருப்பதால் பாய்லர் ஒருபோதும் காலியாகாது, வெறும் பாத்திரம் தீயில் காய்ந்து பற்று விட்டுப்போகாது. மூக்கு எப்போதும் திறந்தே இருப்பதால் உள்ளே அழுத்தம் சேராது, வெடிக்காது. கவனமில்லாதவர் கையிலும் பிழைத்துக்கொள்ளும்படி யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். பெயர் தெரியாத அந்தக் கன்னாருக்குப் பொறியியல் பட்டம் கொடுத்தால் தகும்.

எரிக்க என்ன கிடைத்தாலும் சரி. தென்னை மட்டை, பன்னாடை, சிரட்டை, வறட்டி, கண்மாய்க்கரையில் வெட்டிய சீமைக்கருவேலச் சுள்ளி. காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 15 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. முப்பது லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 80க்குக் கொண்டுபோகக் கணக்குப்படி அரைக் கிலோ விறகே போதும். நிஜத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும். மீதி புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்கு. ஆனாலும் அந்த முப்பது லிட்டரை விளாவினால் நூறு லிட்டருக்கு மேல் குளிக்கிற பதத்தில் தண்ணீர் கிடைக்கும். ஏழு வாளி. ஒரு நடுத்தரக் குடும்பம் குளித்து முடித்துவிடும். செம்பு செம்பாக ஊற்ற ஊற்ற உள்ளே சூடு குறையும் என்பதால் முதலில் போனவனுக்குக் கொதி, கடைசியில் போனவனுக்கு வெதுவெதுப்பு. வீட்டில் யார் முந்துவது என்ற தகராறு அதிலிருந்து வருவது. சாம்பல் பாத்திரம் துலக்கப் போகும். தீபாவளிக்கு முந்தின நாள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பொட்டு வைத்து, தண்ணீர் நிரப்பி வைப்பார்கள்.

இதற்கு உறவினர்கள் உண்டு. ரஷ்யாவின் சமோவாருக்கும் இதே உடற்கட்டுத்தான். நடுவில் தீக்குழாய், சுற்றிலும் தண்ணீர். துலா நகரத்தில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அதற்குப் பட்டறைகள் இருந்தன. நம் டீக்கடை பாய்லர் அந்த வம்சம். பெரிய உறவினர்களும் உண்டு: 1890களில் மதுரையில் எழுந்த ஹார்வி மில்லை ஓட்டிய நீராவிக் கொதிகலன், உமியை எரித்து நெல் அவிக்கும் அரிசி ஆலைக் கொதிகலன். அவர்கள் மூடிய பாத்திரங்கள், ஆகவே ஆபத்தானவர்கள். 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் இறந்த பிறகுதான், மறு ஆண்டு வங்காளத்தில் கொதிகலன்களைச் சோதிக்கச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1923இல். ஐந்து காலனுக்கு மேல் கொள்ளளவுள்ள, அழுத்தத்தில் நீராவி உண்டாக்கும் மூடிய பாத்திரம் எல்லாம் அதற்குள் வந்தது. நூறாண்டு தாண்டி 2025இல்தான் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. பின்கட்டுப் பாய்லர் ஐந்து காலனைவிடப் பெரியதாக இருந்தும் எந்த இன்ஸ்பெக்டரும் அதைத் தேடி வந்ததில்லை. மூக்கைத் திறந்து வைத்திருக்கிறவனுக்குச் சட்டம் எதற்கு?

சீமையிலும் வெந்நீர்க் கதை வீட்டிலிருந்து தொடங்கவில்லை. 1777இல் பிரான்சில் பொன்மேன் என்பவர் குழாயில் வெந்நீரைச் சுற்றவிட்டு ஓர் இடத்தைச் சூடாக்கினார். அது மனிதர்களுக்காக அல்ல, கோழிக்குஞ்சு பொரிக்க. 1868இல் லண்டன் பெயின்டர் மாகன் என்பவர் குளியலறையிலேயே எரிவாயுவில் தண்ணீர் சுடவைக்கும் கருவியைச் செய்து, அதற்கு கீசர் என்று பெயர் வைத்தார். புகை வெளியேற அதில் வழியே இல்லை. அந்தப் பெயரை நாம் இன்றும் மின்சாரப் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்த மின்சாரப் பெட்டிதான் செம்புப் பாய்லரின் கதையை முடித்தது. குளியலறை வீட்டுக்குள் வந்தது, விறகு அடுக்க இடமில்லாமல் போனது, மாடிவீட்டில் புகை விட்டால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். 20 லிட்டர் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்கு ஏற்ற மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம் போதும், பத்து நிமிடம் போதும். யார் மட்டையைப் பொறுக்குவார்கள்? அதன்பின் மொட்டைமாடியில் சோலார் தொட்டி. பாய்லர் பரணுக்கு ஏறி, பிறகு எடைக்குப் போனது. செம்பு என்பதால் பேரீச்சம்பழத்துக்குப் போகவில்லை, நல்ல விலைக்கே போனது. உருக்கினால் 1,085 டிகிரியில் இளகி வேறு உருவெடுக்கும். உங்கள் வீட்டு மின்கம்பியில் யார் வீட்டுப் பாய்லர் இருக்கிறதோ! உருகாமல் தப்பியவை சில, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நின்று, விடுதி வரவேற்பறைகளுக்குச் செடி வைக்கப் போகின்றன. அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உடம்பு போனாலும் அதன் யோசனை போகவில்லை. லண்டன் ஈஸ்ட்ஹாமில் வீடு வாங்கிய என் அண்ணன் மகன் போனில் கேட்டான்.

"சித்தப்பா, பழைய பாய்லரை மாத்தணும். காம்பிங்கிறான், சிஸ்டம்ங்கிறான், ரெகுலர்ங்கிறான். ஒண்ணும் புரியல."

"வீட்ல எத்தனை பாத்ரூம்டா?"

"ரெண்டு. அஞ்சு பேரு. காலைல ஏழு மணிக்கு எல்லாருக்கும் அவசரம்."

"அப்ப நம்ம பின்கட்டுப் பாய்லர்தான் உனக்கு."

அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அங்கே ஒரே பாய்லருக்கு இரண்டு வேலை. சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர்களுக்குச் சூடான தண்ணீரைச் சுற்றவிட்டு அறைகளைச் சூடாக்க வேண்டும், குளிக்கவும் தண்ணீர் தர வேண்டும். ரெகுலர் என்பது பழைய ஏற்பாடு: பரணில் ஒரு தொட்டி, அதிலிருந்து தண்ணீர் இறங்கும், சூட்டில் பெருகினால் அங்கேயே திரும்பி ஏறும். நம் பாய்லரின் திறந்த மூக்கைப் போலத்தான். பிரிட்டனில் 1980களின் நடுப்பகுதி வரை வெந்நீரைத் தெருக்குழாய் அழுத்தத்தில் சேமித்துவைக்க விதி இடம் தரவில்லை. பரண் தொட்டி வீட்டுக்கு வீடு இருந்தது அதனால்தான்.

காம்பியில் சேமிப்பே கிடையாது. குழாயைத் திறந்த நொடியில் எரிந்து, ஓடுகிற தண்ணீரைச் சுடவைக்கும். இடம் மிச்சம், ஒற்றைக் குளியலறை வீட்டுக்கு மிக நல்லது. ஆனால் 24 கிலோவாட் காம்பி ஒன்று, பனிக்காலக் குழாய்த் தண்ணீரை 35 டிகிரி ஏற்றி நிமிடத்துக்குப் பத்து லிட்டர்தான் கொடுக்கும். ஒருவர் ஷவரில் நிற்க இன்னொருவர் குழாயைத் திறந்தால் இருவருக்கும் பாதி.

சிஸ்டம் பாய்லர் இரண்டுக்கும் நடுவே. தண்ணீரைச் சுற்றவிடும் பம்பும், பெருகும் தண்ணீருக்கு இடம்கொடுக்கும் விரிவுக்கலமும் பாய்லர் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். பரண் தொட்டி வேண்டாம். வெந்நீர் தனியே ஓர் அலமாரிக்குள் நிற்கும் உயரமான சிலிண்டரில் சேரும். அந்தச் சிலிண்டரைத் திறந்து பார்க்க முடிந்தால் பரவைக்காரர் அடையாளம் கண்டுகொள்வார்: பச்சைத் தண்ணீர் அடியில் நுழைகிறது, வெந்நீர் உச்சியிலிருந்து போகிறது. புனலுக்குப் பதில் தெருக்குழாயின் அழுத்தம் தள்ளுகிறது. தீக்குழாய் இருந்த இடத்தில் பாய்லரின் சூட்டைக் கொண்டுவரும் சுருள்குழாய். 150 லிட்டரை 10 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 8.7 யூனிட் வெப்பம். 18 கிலோவாட் பாய்லருக்கு அரைமணி நேர வேலை. ஏழு மணி அவசரத்துக்கு ஆறு மணிக்கே தயாராகிவிடும்.

ஒரு வித்தியாசம் மட்டும் மறக்கக்கூடாது. இங்கே மூக்கு மூடப்பட்டிருக்கிறது. 200 லிட்டர் தண்ணீர் அந்த அளவு சூடானால் மூன்றரை லிட்டர் போலப் பெருகும். போக இடமில்லையென்றால் பாத்திரம் பிளக்கும். ஆகவே விரிவுக்கலம், அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் தனித்தனிப் பாதுகாப்பு வால்வு. கன்னார் ஒரு துளையால் முடித்த காரியத்துக்கு இத்தனை கருவி.

அவனுக்குச் சொன்ன ஆலோசனையை இங்கேயும் எழுதுகிறேன். முதலில் அடுக்களைக் குழாயை முழுக்கத் திறந்து ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வருகிறது என்று வாளியில் பிடித்துப் பார். இருபது லிட்டருக்குப் பக்கத்தில் வராவிட்டால் அழுத்தச் சிலிண்டரின் சுகம் கிடைக்காது. சிலிண்டரை ஆளுக்கு 45 லிட்டர் வாக்கில் கணக்குப் போட்டு வாங்கு, ஐந்து பேருக்கு 225 லிட்டர் வாக்கில் வரும். பாய்லரின் கிலோவாட்டை மட்டும் கூட்டாதே. விற்கிறவர்கள் பெரியதைத்தான் தள்ளுவார்கள். நன்றாக அடைத்துக் கட்டிய பல வீடுகளுக்குக் கடுங்குளிரிலும் பத்துக் கிலோவாட்டுக்குள் போதும். அதைக் கணக்குப் போட்டுத் தருகிறவனிடம் வேலையைக் கொடு. அளவுக்கு மீறிய பாய்லர் எரிந்து அணைந்து எரிந்து கேஸைத் தின்னும்.

இன்னொன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலிலிருந்து புதிதாகப் பொருத்தும் கேஸ் பாய்லர் கண்டென்சிங் ரகமாக இருக்க வேண்டும். புகையோடு போகும் நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் ரகம். பரவைப் பாய்லர் ஆகாயத்துக்கு விட்ட பங்கு இது. ஆனால் ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். ரேடியேட்டர் சூட்டைத் தணித்து வைக்கலாம். சிலிண்டரைத் தணிக்கக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும் என்பதால் அங்கே 60 டிகிரி வேண்டும். லண்டன் தண்ணீர் மதுரை போர் தண்ணீரைப் போலவே உப்புப் படியும் கடினத் தண்ணீர். சுருளிலும் வால்வுகளிலும் சுண்ணாம்பு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கேஸையே விட்டு வெப்ப பம்புக்கு மாறுகிறவருக்கு அங்கே அரசு மானியமும் தருகிறது. 2023 அக்டோபரில் அதை 7,500 பவுண்டாக உயர்த்தினார்கள். இப்போது வாங்கும் சிலிண்டரிலேயே பெரிய சுருள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் நாளைக்கு அந்த பம்புக்கும் உதவும்.

இரண்டு ஊருக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று. தீ எரியும் எந்த பாய்லரும் மூச்சு விட இடம் கேட்கும். லண்டனில் கேஸ் சேஃப் பதிவு உள்ளவரைத் தவிர வேறு யாரையும் அதைத் தொட விடாதீர்கள், ஆண்டுக்கொருமுறை சோதிக்கச் சொல்லுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். மதுரைப் பக்கம் கேஸ் கீசரை ஜன்னல் சாத்திய குளியலறைக்குள் மாட்டியிருக்கிறவர்கள் அதை இன்றே வெளிச்சுவருக்கு மாற்றுங்கள். கார்பன் மோனாக்சைடு என்ற அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.